பதிலுக்குப் பின் வந்த கேள்விகள்

ஒருவன் ஓர் எறும்பின் பின்னால் போகிறான். வெள்ளை உடுப்பு, கறுப்பு முகமூடி, தோளிலிருந்து புரளும் மஞ்சள் மேலாடை. அண்டவெளியைக் காக்கப் பிறந்தவன். அவன் நடத்தும் பேட்டி நிகழ்ச்சியில் அன்றைய விருந்தினர் கோனன் ஓ'பிரையன். அமெரிக்க இரவுநேரத் தொலைக்காட்சியில் பெயர்பெற்றவர். பேச்சுக்கு நடுவே எறும்பு கடித்துவிடுகிறது. விருந்தினரை அப்படியே விட்டுவிட்டு இவன் எறும்பின் பின்னால் கிளம்புகிறான். ஏதாவது நடக்கும் என்று காத்திருக்கிறோம். ஒரு நிமிடம் போகிறது. மூன்று நிமிடம். ஐந்து நிமிடம். எறும்பு போகிறது, இவனும் போகிறான். ஏறத்தாழ பத்து நிமிடம் இப்படியே.

2004 குளிர்காலத்தில், ஒஹையோ மாநிலத்தில் மாணவர்கள் நான்கு பேர் சேர்ந்து எடுத்திருந்த வாடகை வீட்டில் இதை முதலில் பார்த்தேன். தொலைக்காட்சியில் வந்தபோது பதிவுசெய்து வைத்திருந்த விஎச்எஸ் கேசட். போட்டவன் என் அறைத்தோழன், ஜார்ஜியாவில் பிறந்து வளர்ந்தவன். எங்களில் ஒருவன் மூன்றாம் நிமிடத்தில் எழுந்து சமையலறைக்குப் போய்விட்டான். இன்னொருவன், கேசட் சிக்கிக்கொண்டதா என்று கேட்டான். எனக்கு முதலில் எரிச்சல்தான் வந்தது. ஆறாம் நிமிடம் வாக்கில், ஏன் என்று தெரியாமலேயே சிரிக்க ஆரம்பித்தேன், நிறுத்த முடியவில்லை. கேசட்டைப் போட்டவனோ திரையைப் பார்க்கவே இல்லை. எங்கள் முகங்களைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

அந்த நான்கு முகங்களைப் பற்றி இருபது ஆண்டுகளாக யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

*

நிகழ்ச்சியின் பெயர் 'ஸ்பேஸ் கோஸ்ட் கோஸ்ட் டு கோஸ்ட்'. முதல் கோஸ்ட் பேய். அடுத்த இரண்டும் கடற்கரை: இந்தக் கரையிலிருந்து அந்தக் கரை வரை, அதாவது நாடு முழுக்க, என்று அமெரிக்க ஒலிபரப்பில் புழங்கும் தொடர். ஆங்கிலத்தில் எழுத்து வேறு, முதல் ஒலியும் வேறு. தமிழில் எழுதினால் மூன்றும் ஒன்றாகிவிடுகின்றன. பேய் எது, கரை எது என்று வாசிப்பவர்தான் பிரித்துக்கொள்ள வேண்டும். இந்தப் பெயரை முதன்முறை தமிழில் எழுதிப் பார்த்தபோது, நிகழ்ச்சியின் உயிரே இந்த எழுத்துக்கூட்டலில் இருக்கிறதே என்று தோன்றியது. சொன்னது ஒன்று, கேட்டது ஒன்று. இரண்டுக்கும் நடுவில் ஓர் இடைவெளி. மொத்த நிகழ்ச்சியும் அந்த இடைவெளியில்தான் குடியிருக்கிறது.

இந்த நாயகன் பிறந்தது 1966 செப்டம்பரில். ஹன்னா-பார்பெரா நிறுவனம் சிபிஎஸ் தொலைக்காட்சியின் சனிக்கிழமைக் காலைகளுக்காகச் செய்த சாகசத் தொடர் அது. உருவம் வரைந்தவர் அலெக்ஸ் டோத், காமிக்ஸ் உலகில் கோடுகளைக் குறைத்துக்கொண்டே போய் உயிரைக் கூட்டியவர். குரல் கேரி ஓவன்ஸ், வானொலியில் பழுத்தவர். ஜான், ஜேஸ் என்று இரண்டு இளையவர்களும் பிளிப் என்ற குரங்கும் துணை. எதிரிகளில் ஒருவன் ஸோரக், ஆள் உயரக் கும்பிடுபூச்சி. இன்னொருவன் மோல்ட்டார், எரிமலைக் குழம்பே உடலானவன். அப்போதெல்லாம் தொலைக்காட்சிக் கார்ட்டூன்களைச் சிக்கனமாகச் செய்வார்கள். உடம்பு அசையாது, வாய் மட்டும் அசையும். ஒருமுறை வரைந்த ஓட்டமும் பாய்ச்சலும் திரும்பத் திரும்ப வரும். இத்தகைய சாகசத் தொடர்களில் வன்முறை மிகுதி என்று பெற்றோர் குழுக்கள் எதிர்த்தன. அறுபதுகளின் முடிவில் அந்த அலை ஓய்ந்தது. ஸ்பேஸ் கோஸ்ட்டுக்கு வேலை போயிற்று.

1991-இல் டர்னர் நிறுவனம் ஹன்னா-பார்பெராவை வாங்கியது. அடுத்த ஆண்டு அக்டோபரில் அட்லாண்டாவிலிருந்து கார்ட்டூன் நெட்வொர்க் தொடங்கியது. புதிய அலைவரிசையிடம் பழைய படச்சுருள்கள் மலைபோல் கிடந்தன; புதிதாக வரையப் பணம் இல்லை. அதே காலத்தில் நாடு முழுக்க ஒரே பேச்சாக இருந்தது இரவுநேரப் பேட்டி நிகழ்ச்சிகளைப் பற்றித்தான். 1992 மே மாதம் ஜானி கார்ஸன் முப்பதாண்டுகள் உட்கார்ந்த நாற்காலியை விட்டு எழுந்தார். அதில் ஜே லெனோ உட்கார்ந்தார்; டேவிட் லெட்டர்மேன் 1993-இல் வேறு அலைவரிசைக்குப் போனார். ஒரு நாற்காலிக்காகப் பெரிய மனிதர்கள் இப்படி மோதிக்கொண்டிருந்தபோது, கார்ட்டூன் நெட்வொர்க்கில் இருந்த மைக் லாஸோவுக்கு ஒரு யோசனை வந்தது. வேலையிழந்த அந்த நாயகனையும் ஒரு மேசைக்குப் பின்னால் உட்கார வைத்தால் என்ன?

1994 ஏப்ரல் 15, வெள்ளிக்கிழமை இரவு, அவன் உட்கார்ந்தான். பழைய படங்களிலிருந்து அவன் உருவத்தைத் தனியே பிரித்தெடுத்து மேசைக்குப் பின்னால் பொருத்தினார்கள். ஸோரக் கைதியாக அங்கேயே இசைக்குழுத் தலைவன் ஆனான். மோல்ட்டார் இன்னொரு கைதி, நிகழ்ச்சி இயக்குநர். இருவருக்கும் அதுதான் தண்டனை. விருந்தினர்கள் மட்டும் நிஜ மனிதர்கள். மேலிருந்து இறங்கும் ஒரு திரையில் அவர்கள் முகம் தெரியும்.

நாயகனின் ஒவ்வோர் அசைவும் ஏற்கெனவே வரையப்பட்டது என்பதை இங்கே நினைவில் கொள்ள வேண்டும். கை தூக்குவது 1966-இன் கை தூக்கல். தலை திருப்புவது ஏதோ ஒரு பழைய எதிரியைப் பார்க்கத் திருப்பியது. கண் சிமிட்டுவது எந்தப் போரின் நடுவிலோ சிமிட்டியது. வரையப்படாத எதையும் அவனால் எளிதில் செய்ய முடியாது. புன்னகை கையிருப்பில் இல்லை என்றால் புன்னகை இல்லை. ஆகவே விருந்தினர் ஏதோ சொல்ல, அவன் பார்க்கிறான். கண் சிமிட்டுகிறான். மறுபடி பார்க்கிறான். இந்த மௌனத்தைப் பின்னாளில் பலரும் துணிச்சலான கலை உத்தி என்று எழுதினார்கள். அது உண்மைதான். ஆனால் அந்த உத்திக்குப் பிறப்பிடம் கையில் காசில்லாத ஓர் எடிட்டிங் அறை என்றே நினைக்கிறேன். இருப்பதை வைத்துத்தான் பேச வேண்டும் என்கிற நிலைமை, பேச்சில்லாத இடத்தையும் பேச்சாக மாற்றிக்கொண்டது.

*

பேட்டி எடுக்கப்பட்ட முறையில்தான் நிகழ்ச்சியின் ஆழம் இருக்கிறது.

விருந்தினர் ஏதோ ஒரு ஸ்டூடியோவில் கேமரா முன் உட்காருவார். யாரோ ஒருவர் கேள்விகள் கேட்பார். விருந்தினர் பதில் சொல்லிவிட்டு வீட்டுக்குப் போய்விடுவார். பிறகு எழுத்தாளர்கள் அந்தப் பதில்களை வைத்துக்கொண்டு கதை எழுதுவார்கள். பதிலுக்கு ஏற்ற கேள்வியை, பெரும்பாலும் பதிலுக்குக் கொஞ்சமும் ஏறாத கேள்வியை, புதிதாக எழுதுவார்கள். அந்தக் கேள்வியை ஜார்ஜ் லோ என்ற குரல் கலைஞர் ஸ்பேஸ் கோஸ்ட்டாகப் பேசிப் பதிவுசெய்வார். பதில் ஒரு நாள் பிறந்தது. அதன் கேள்வி வேறொரு நாள், வேறோர் ஊரில் பிறந்தது. இரண்டையும் ஒட்டினால் உரையாடல்.

இப்படி வந்துபோனவர்களின் வரிசை விசித்திரமானது. முதல் நிகழ்ச்சியிலேயே பீ ஜீஸ் இசைக்குழு. பிறகு டிமத்தி லியரி, சார்ல்ட்டன் ஹெஸ்டன், ஆடம் வெஸ்ட், ரமோன்ஸ், தாம் யார்க், ப்யோர்க். பேவ்மென்ட் என்ற ராக் குழு வந்தபோது அவர்களை பீட்டில்ஸ் என்று நினைத்துக்கொண்டு ஸ்பேஸ் கோஸ்ட் பேசுகிறான். விருந்தினர் யார் என்பது அவனுக்கு எப்போதுமே சரியாகத் தெரிவதில்லை. உங்களுக்கு என்ன அதீத சக்தி இருக்கிறது என்று எல்லோரிடமும் கேட்பான். தொடக்க ஆண்டுகளில் இன்னொரு கேள்வியும் கேட்பான்: மூச்சுவிட ஆக்சிஜன் போதுமான அளவு கிடைக்கிறதா? அவன் இருப்பது அண்டவெளியில் அல்லவா. பூமியிலிருந்து வரும் விருந்தினரிடம் ஒரு நல்ல மனிதன் முதலில் கேட்க வேண்டிய கேள்வி அதுதான். அந்த அக்கறையை அக்கறையாகவே எடுத்துக்கொண்டு பதில் சொன்னவர்கள் உண்டு, திகைத்து நின்றவர்கள் உண்டு. இருவருமே பார்க்கிறவர்களுக்கு விருந்து.

எனக்கு இது ஏன் அவ்வளவு நெருக்கமாயிற்று என்பதைச் சொல்ல வேண்டும்.

அமெரிக்காவுக்குப் போய் அப்போது நான்கு மாதம் ஆகியிருந்தது. ஆங்கிலம் எனக்கு வாசிக்கத் தெரிந்த மொழி. பேசும்போது அது எப்போதும் அரைநொடி தாமதமாக வந்தது. யாராவது ஏதாவது கேட்டால், காதில் விழுந்ததைப் பிரித்து, பொருள்கொண்டு, பதிலை மனத்தில் அடுக்கி, வினைச்சொல்லின் காலத்தைச் சரிபார்த்து, வாய் திறப்பதற்குள் பேச்சு வேறெங்கோ போயிருக்கும். அப்போது நான் சொல்லும் பதில் வேறு கேள்வியின் மேல் போய் விழும். மற்றவர்கள் ஒரு கணம் என்னைப் பார்ப்பார்கள். நானும் பார்ப்பேன். எப்படி இருக்கிறாய் என்று நடைபாதையில் கேட்பவர்கள் பதிலுக்கு நிற்காமல் நடந்துபோவதைப் புரிந்துகொள்ளவே எனக்குப் பல வாரங்கள் ஆயின. அந்த அரைநொடித் தாமதம் என் குறை என்று நம்பிக் கூசிக்கொண்டிருந்தேன்.

அந்தக் கேசட்டில் நான் கண்டது, அந்த மொழியிலேயே பிறந்தவர்கள் அதே அரைநொடியில் மாட்டிக்கொண்டு நிற்பதை. விருந்தினர் பேசுகிறார். இவன் கண் சிமிட்டுகிறான். இவன் கேட்கிறான். அவர் வேறெதற்கோ பதில் சொல்கிறார். அங்கே யாரும் யாரையும் திருத்துவதில்லை. நிகழ்ச்சி நின்றுபோவதில்லை. புரியாமையை மேசைமேல் வைத்துவிட்டு அதைச் சுற்றி எல்லோரும் உட்கார்ந்திருக்கிறார்கள். எறும்பின் பின்னால் அவன் போன ஆறாம் நிமிடத்தில் எனக்குள் அவிழ்ந்தது அந்தக் கூச்சம்தான் என்று இப்போது நினைக்கிறேன். ஒருவன் இவ்வளவு நேரம் அர்த்தமில்லாமல் ஒரு காரியத்தைச் செய்யலாம். அதை ஒரு நாட்டின் தொலைக்காட்சி ஒளிபரப்பலாம். நான்கு பேர் உட்கார்ந்து பார்க்கலாம். சிரிப்பு முதலில் வந்துவிட்டது. எதற்குச் சிரித்தேன் என்ற கேள்வி பல ஆண்டுகள் கழித்தே வந்தது. அந்த நிகழ்ச்சி எப்படித் தயாரிக்கப்பட்டதோ அப்படியே என்னை வந்தடைந்தது.

*

இதன் ரசிகர்களிடம் பேசிப் பாருங்கள். தமக்குப் பிடித்த நகைச்சுவை எது என்பதைவிட, முதன்முறை பார்த்தபோது ஒன்றும் புரியவில்லை என்பதைத்தான் அவர்கள் ஆசையாகச் சொல்வார்கள். என் அறைத்தோழன் பதினொரு வயதில் பார்த்திருக்கிறான். வெள்ளிக்கிழமை இரவு, பெற்றோர் உறங்கிய பிறகு, ஒலியைக் குறைத்து வைத்துக்கொண்டு. பகலில் பழைய சாகசத் தொடரை மறுஒளிபரப்பில் பார்த்தவன் அவன். அதே நாயகன், அதே எதிரி. ஆனால் சண்டை போடவில்லை. உட்கார்ந்திருந்தார்கள். அலைவரிசையில் ஏதோ கோளாறு என்று நினைத்தானாம். மறுநாள் பள்ளியில் சொன்னபோது யாரும் நம்பவில்லை. கண்டது கனவுதானோ என்ற ஐயம் அவனுக்கே வந்துவிட்டது. அடுத்த வெள்ளி இரவு மறுபடி விழித்திருந்தது, கனவில்லை என்று உறுதிப்படுத்திக்கொள்ளத்தான்.

கனவோ என்கிற அந்த ஐயத்தை அட்லாண்டாக்காரர்களும் பேணி வளர்த்தார்கள் என்றே சொல்ல வேண்டும். 2000 டிசம்பரில், அடுத்து வரவிருந்த தொடர்களின் முதல் பகுதிகளை விடியற்காலையில், முன்னறிவிப்பு இல்லாமல் ஒளிபரப்பினார்கள். உறக்கம் வராமல் எழுந்தவர்களும், இரவு வேலை முடித்து வந்தவர்களும்தான் பார்த்திருப்பார்கள். அவற்றில் ஒன்று 'அக்வா டீன் ஹங்கர் ஃபோர்ஸ்'. ஸ்பேஸ் கோஸ்ட்டுக்காக எழுதிக்கொண்டிருந்த டேவ் வில்லிஸும் மேட் மயெல்லாரோவும் உருவாக்கியது. 2001 செப்டம்பரில் பெரியவர்களுக்கான இரவுநேரப் பகுதியாக அடல்ட் ஸ்விம் தொடங்கியபோது, அதற்கு அடித்தளமாக இருந்தது மேசைக்குப் பின்னால் கண் சிமிட்டிக்கொண்டிருந்த இந்த ஒருவன்தான்.

ரசிகனின் முதல் எதிர்வினை திகைப்பு. இரண்டாவது, இன்னொருவரைக் கூட்டிவந்து உட்கார வைப்பது. இது சொல்லி விளக்கக்கூடிய நிகழ்ச்சி அல்ல. ஒருவன் எறும்பின் பின்னால் போகிறான் என்று சொன்னால், அப்புறம் என்று கேட்பார்கள். அப்புறம் ஒன்றும் இல்லை என்றால், அதில் என்ன இருக்கிறது என்பார்கள். சொல்லப் போனவர் தோற்றுத் திரும்புவார். ஆகவே கேசட்டைப் போடுகிறார். பார்ப்பவரின் முகத்தைப் பார்க்கிறார். தனக்கு எப்போதோ நடந்தது இந்த முகத்திலும் நடக்கிறதா? அந்த முதல் திகைப்பு ஒருவருக்கு ஒருமுறைதான் வாய்க்கும். இரண்டாம் முறை வேண்டுமென்றால் அதை இன்னொரு முகத்தில்தான் தேட வேண்டும். என் அறைத்தோழன் திரையைப் பார்க்காமல் எங்களைப் பார்த்ததன் காரணம் இதுதான்.

சமையலறைக்குப் போனவனையும் மறந்துவிடக் கூடாது. சலிப்பும் நேர்மையான எதிர்வினை. எறும்பைத் தொடரும் அந்தக் காட்சியை ரசிகர்களிலேயே ஒரு சாரார் உச்சம் என்பார்கள். இன்னொரு சாரார் பார்ப்பவரின் பொறுமையைச் சுரண்டும் வேலை என்பார்கள். தொடக்க ஆண்டுகளின் பேட்டிகளில் இருந்த மென்மை பிற்பாடு போய்விட்டது என்று வருந்துகிறவர்கள் உண்டு. பிற்காலத்து வெறுமையில்தான் நிகழ்ச்சி தன்னைக் கண்டுகொண்டது என்று வாதிடுகிறவர்களும் உண்டு. நான் இரண்டாம் கட்சி. ஆனால் எழுந்து போனவனின் முதுகை இப்போதும் மரியாதையோடுதான் நினைத்துக்கொள்கிறேன். எழுந்துபோக இடம்விடாத கலையை நான் நம்புவதில்லை.

மூன்றாவது எதிர்வினை, தானும் ஒன்றைச் செய்வது. நகைச்சுவைக் கலைஞர் எரிக் ஆண்ட்ரே இதைப் பார்த்து வளர்ந்தவர். 2012-இல் அவர் தொடங்கிய நிகழ்ச்சியில் மேசை உடைகிறது, சுவர் இடிகிறது, விருந்தினர் எங்கே பார்ப்பது என்று தெரியாமல் தவிக்கிறார். தன் நிகழ்ச்சிக்கு மூலம் ஸ்பேஸ் கோஸ்ட் என்பதை அவர் வெளிப்படையாகவே சொல்லியிருக்கிறார். ஒரு கார்ட்டூன் உருவம் வரையறுக்கப்பட்ட அசைவுகளால் உண்டாக்கிய அசௌகரியத்தை, அவர் தன் சதையாலும் எலும்பாலும் உண்டாக்கிப் பார்த்தார். விமர்சனத்தில் இதைவிடக் கூர்மையான விமர்சனம் இல்லை.

இசையையும் சொல்ல வேண்டும். நிகழ்ச்சியின் முகப்பில் வரும் கிதார் ஸானி ஷாரக்குடையது. இளமையில் ஜான் கோல்ட்ரேனைக் கேட்டு சாக்ஸஃபோன் வாசிக்க ஆசைப்பட்டவர். ஆஸ்துமா இருந்ததால் ஊத முடியாது என்று கிதாரை எடுத்தார். ஊத முடியாத மூச்சையெல்லாம் கம்பிகளில் ஊதினார். 1991-இல் ஃபாரோ ஸாண்டர்ஸுடன் சேர்ந்து அவர் செய்த 'ஆஸ்க் தி ஏஜஸ்' ஜாஸ் ரசிகர்கள் கொண்டாடும் ஆல்பம். அப்படிப்பட்டவரை ஒரு கார்ட்டூனுக்கு வாசிக்க அழைத்தது யாருக்கும் எளிதில் தோன்றுகிற காரியமில்லை. நிகழ்ச்சி தொடங்கிய சில வாரங்களிலேயே, 1994 மே மாதம், அவர் இறந்துபோனார். 1996-இல் அவர் பெயரையே தலைப்பாக வைத்து ஒரு பகுதி வந்தது. அவர் வாசித்து வைத்திருந்த இசையை அதில் நீள நீளமாக ஓடவிட்டார்கள். பேச்சு ஒதுங்கி நின்று இடம் கொடுத்தது. எதையுமே மதிக்காததுபோல் தோன்றிய ஒரு நிகழ்ச்சி, தன் நேரத்தையே எடுத்து ஓர் இசைக்கலைஞரின் காலடியில் வைத்தது. அந்தப் பகுதியைப் பார்த்த பிறகு, இதைக் கேலி நிகழ்ச்சி என்று மட்டும் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

*

2016 செப்டம்பரில் சி. மார்ட்டின் க்ரோக்கர் காலமானார். வயது 54. ஸோரக், மோல்ட்டார் இருவருக்கும் குரல் அவர்தான். அவர்களை அசைய வைத்த அனிமேட்டரும் அவர்தான். 2025 மார்ச் 2 அன்று ஜார்ஜ் லோ காலமானார். வயது 67. இளம் வயதிலேயே வானொலிக்குப் போனவர். ஒலிபெருக்கிக்காகவே படைக்கப்பட்டதுபோன்ற குரல். அந்தக் கம்பீரமான குரலில் அவர் அசட்டுக் கேள்விகளைக் கேட்டார். அந்தக் கேள்விகளின் அசட்டுத்தனத்தை ஒருபோதும் குரலில் காட்டிக்கொடுக்கவில்லை. ஸ்பேஸ் கோஸ்ட் தன் கேள்வியை முழுமனதாக நம்புகிறான் என்பதை அந்தக் குரல் காப்பாற்றியது. நம்பிக்கைதான் அந்த நிகழ்ச்சியின் முதுகெலும்பு. கேட்பவன் கண்ணடித்திருந்தால் எல்லாமே சரிந்திருக்கும்.

அவர்கள் இறந்தபோது ரசிகர்கள் அழுததைக் கண்டு சிலர் வியந்தார்கள். கும்பிடுபூச்சிக்குக் குரல் கொடுத்தவருக்காக வளர்ந்தவர்கள் அழுவார்களா? அழுதது அந்த வெள்ளிக்கிழமை இரவுகளுக்காகவும்தான். வீடு உறங்க, தான் மட்டும் விழித்திருந்து, புரியாத ஒன்றைப் பார்த்து, யாரிடம் சொல்வது என்று தெரியாமல் படுத்த குழந்தை அது. பிறகு வளர்ந்து, எங்கோ ஒரு நாள் அதே நிகழ்ச்சியைப் பார்த்த இன்னொருவரைச் சந்தித்தபோது, நான் கனவு காணவில்லை என்று அதற்கு உறுதியாயிற்று. ஒருவர் ஒரு வசனத்தின் பாதியைச் சொல்ல, மற்றவர் மீதியைச் சொல்லி முடிப்பார். யாரும் யாரையும் கேட்காத ஓர் உரையாடலிலிருந்து சொற்களை எடுத்துத்தான் அவர்கள் ஒருவரையொருவர் கேட்டார்கள். வெட்டி ஒட்டப்பட்ட பேச்சு, நிஜமான இரண்டு பேருக்கிடையே வந்ததும் ஒட்டுத் தெரியாமல் சேர்ந்துகொண்டது.

இது எனக்கும் நடந்தது. அதைச் சொல்லி முடிக்கிறேன்.

2021 மே மாதம். நான் ஊர் திரும்பிப் பல வருடங்கள் ஆகியிருந்தன. கொரோனாவின் இரண்டாம் அலை. வீட்டிலேயே தனி அறையில் படுத்திருந்தேன். கதவுக்கு வெளியே ஸ்டூலில் கஞ்சி வைத்துவிட்டு, தட்டிவிட்டு, மனைவி விலகிப் போவாள். அப்போது நாடு முழுவதும் பேச்சு ஒன்றேதான். ஆக்சிஜன். சிலிண்டருக்காக வரிசையில் நின்றவர்களைத் தொலைக்காட்சியில் காட்டிக்கொண்டே இருந்தார்கள். விரலில் மாட்டும் ஆக்சிமீட்டர் தலையணைக்குப் பக்கத்தில் கிடக்கும். மணிக்கொரு தரம் மாட்டி, எண்ணைப் பார்த்து, ஒரு தாளில் எழுதி வைப்பேன். நண்பர்கள் அழைத்தார்கள். எப்படி இருக்கிறாய் என்று கேட்டார்கள். நன்றாக இருக்கிறேன் என்றேன். கேட்டவர்களுக்கும் பயம், எனக்கும் பயம். அந்தக் கேள்வியும் பதிலும் எங்கும் போய்ச் சேரவில்லை.

ஐந்தாம் நாள் இரவு போனில் ஒரு செய்தி வந்தது. அறைத்தோழனிடமிருந்து. நாங்கள் பேசி ஓராண்டுக்கு மேல் ஆகியிருக்கும். எனக்கு உடம்பு சரியில்லை என்பது அவனுக்கு யார் மூலமாகவோ தெரிந்திருக்கிறது. நலம் விசாரிக்கும் சொல் எதுவும் இல்லை. ஒரே ஒரு வரி. ஒஹையோ வீட்டில், கிழிந்த சோபாவில் உட்கார்ந்து, நூறு முறை சேர்ந்து கேட்ட அதே வரி.

மூச்சுவிட ஆக்சிஜன் போதுமான அளவு கிடைக்கிறதா?

திரையைப் பார்த்தபடியே இருந்தேன். 1994-இல் அட்லாண்டாவில் யாரோ எழுதிய கேள்வி. பீ ஜீஸுக்கும் சார்ல்ட்டன் ஹெஸ்டனுக்கும் வேறெந்தக் கேள்வியும் பொருந்துகிற அளவே அதுவும் பொருந்தியது. அதற்குரிய இடம் அதுவரை அதற்குக் கிடைத்திருக்கவில்லை. இப்போது என் அறைக்குள் வந்து, என் கட்டிலருகே உட்கார்ந்து, உலகத்தில் கேட்கப்படக்கூடிய ஒரே சரியான கேள்வியாக ஆகிவிட்டது. அவன் விளையாட்டாகக் கேட்கவில்லை. எப்படி இருக்கிறாய் என்பது நடைபாதையில் நின்று பார்க்காமல் போகிறவர்களின் கேள்வி என்று எனக்குச் சொல்லிக்கொடுத்ததே அவன்தான். நின்று கேட்க ஒரு கேள்வி வேண்டியிருந்தது. எங்கள் இருவருக்கும் பொதுவான மொழியில் அது ஒன்றுதான் இருந்தது.

ஆக்சிமீட்டரை எடுத்து விரலில் மாட்டினேன். எண் நிலைபெறக் கொஞ்ச நேரம் ஆகும். காத்திருந்தேன். பிறகு அந்த எண்ணை மட்டும் அனுப்பினேன்.

94.

அந்தக் கேள்விக்கு, யாரும் வெட்டாமல் ஒட்டாமல், கேட்டவனுக்கே கேட்ட நேரத்திலேயே போய்ச் சேர்ந்த பதில் அது.